முழங்கால் வலியும் வஞ்சினமும்

என் பேரனுக்கு வருஷத்தில் முக்கால்வாசி நாள் காலில் ஒரு வலியும் கிடையாது. மாடிப்படிகளை மூன்று மூன்றாகத் தாண்டி இறங்குவான். பந்தயத்துக்கு முதல் நாள் சாயங்காலம்தான் முழங்காலில் ஏதோ பிடிக்க ஆரம்பிக்கும். மறுநாள் மைதானத்தில், வேறு பள்ளிப் பையன்களின் காதில் விழுகிற தூரத்தில் நின்றால், வலி கணுக்கால்வரை இறங்கிவிடும்.

இலையுதிர்காலத்தை மகள் வீட்டில் கழிக்க இல்லினாய் போனவனுக்குச் சனிக்கிழமை காலைகளில் வேறு என்ன வேலை? மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு க்ராஸ் கன்ட்ரி பார்க்கக் கிளம்பிவிடுவேன். பெரும்பாலான மாநிலங்களில் பள்ளிப் பையன்கள் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறார்கள். இல்லினாய்க்காரர்கள் பிடிவாதமாக மூன்று மைல். புல், மேடு, சேறு, மரத்து வேர் எல்லாவற்றின் மேலும் ஓட வேண்டும். ஓட்டத்தைவிட எனக்குப் பிடித்துப்போனது துப்பாக்கி வெடிப்பதற்கு முந்திய பத்து நிமிஷம். புல்லில் வெள்ளைக் கோடு போட்டு, பள்ளிக்கு ஒரு கட்டமாகப் பிரித்து நிறுத்தியிருப்பார்கள். பக்கத்துக் கட்டத்துப் பையனிடம் இவர்கள் பேசுவதைக் கேட்க வேண்டும்.

"ஒரு வாரமாச் சளி. நேத்துதான் எழுந்து உட்கார்ந்தேன்."

"எனக்கு முன்னங்கால் எலும்புல வலி. கோச் ஓடவே வேண்டாம்னார்."

"நான் இன்னைக்குச் சும்மா பயிற்சி மாதிரிதான் ஓடப்போறேன்."

துப்பாக்கி வெடித்ததும் பார்த்தால் மூன்று நோயாளிகளும் முதல் வரிசையில் பாய்ந்துகொண்டிருப்பார்கள்.

அமெரிக்கப் பிள்ளைகள் என்றால் மார்தட்டிப் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டு போனவன் நான். கூடைப்பந்து ஆட்டத்தில் தட்டுகிறார்கள், கேட்டிருக்கிறேன். இங்கே கேட்டதோ நம்மூர்ப் பொதுத்தேர்வு வாசலில் நாற்பது வருஷமாகக் கேட்ட பாட்டு. "ஒண்ணுமே படிக்கலடா" என்று பிட்டுத் தாளைப் போல் முகத்தைச் சுருக்கிக்கொண்டு நிற்பவன்தான் கணக்கில் நூறு வாங்குவான். தோற்றால் சொல்ல ஒரு காரணம் கைவசம் இருக்கும். ஜெயித்தால், சளியோடு ஓடியே இந்த ஓட்டம் என்று ஊர் வாயைப் பிளக்கும். பணிவு வேஷம் போட்ட உதார் இது. நேராக உதார் விடுகிறவனைக்கூட நம்பலாம்.

நேராகச் சொல்ல இவர்களுக்கு ஏன் வாய் வரவில்லை என்று யோசித்தேன். கடிகாரம்தான் காரணம் என்று படுகிறது. கிரிக்கெட்டில் பந்துவீச்சாளன் வசவை விட்டுவிட்டுத் திரும்பி நடக்கலாம். அடுத்த பந்து, அடுத்த ஓவர், அடுத்த இன்னிங்ஸ் என்று சொல்லுக்கு வாய்தா வாங்கிக்கொண்டே போகலாம். ஓட்டக்காரனுக்கு வாய்தா இல்லை. கால் மணி நேரத்தில் அவன் சொன்னதன் விலை விநாடிக்குக் கீழே பத்தில் ஒரு பங்குவரை அச்சாகி, கூடாரத்துக் கம்பத்தில் ஒட்டப்பட்டுவிடும். அதுவும் பியோரியா நகரத்து டெட்வைலர் பூங்காவில், மாநிலப் போட்டி நடக்கிற அந்தத் தட்டையான புல்வெளியில், ஒரு பையன் சவடால் பேசுவதற்கு நல்ல நெஞ்சழுத்தம் வேண்டும். 1972இல் க்ரெய்க் வெர்ஜின் என்ற பண்ணை வீட்டுப் பையன் அங்கே மூன்று மைலை 13 நிமிஷம் 50 விநாடியில் ஓடினான். பின்னாளில் 1980இலும் 1981இலும் உலக க்ராஸ் கன்ட்ரி பட்டமே வாங்கினான். அவனுடைய பள்ளிக்காலச் சாதனை 2019வரை நின்றது. அதை உடைத்த பையனும் ஒரு விநாடிகூட முழுசாகக் குறைக்கவில்லை. அந்தப் பையனின் அப்பா பிறந்திருப்பாரோ என்னவோ, அதற்கும் முன்னால் புல்லில் போட்ட ஓட்டம் அது. அப்படியொரு எண் தலைக்கு மேல் தொங்கும்போது முழங்கால் வலிக்கத்தான் செய்யும்.

வாயைக் கட்டிப்போட இன்னொரு காரணமும் உண்டு: மூச்சு. பேசிக்கொண்டே ஓட முடிந்தால் அது லேசான ஓட்டம் என்று பயிற்சியாளர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். பந்தய வேகத்தில் ஒரு முழு வாக்கியம் சொல்வதற்கு மூச்சு மிஞ்சாது. அதனால்தான் அந்த வேகத்தில் யாராவது வாயைத் திறந்தால் அது சொல்லாகவே இருப்பதில்லை, ஆயுதமாகிவிடுகிறது. எதிராளியைச் சீண்டிப் பேசினால் தகுதி நீக்கம் செய்யப் பள்ளி விதிப்புத்தகத்தில் இடமிருக்கிறது. ஆனால் நான் கேட்டவற்றில் மிகக் கொடூரமான சீண்டலை எந்த நடுவரும் தொட முடியாது. இரண்டாவது மைலில், மேட்டின் உச்சியில், நாக்குத் தள்ளிக்கொண்டு ஏறுகிறவனைத் தாண்டும்போது ஒருவன் அன்பாக "குட் ஜாப்" என்று சொல்லிவிட்டுப் போகிறான். சொன்னவன் தங்கமான பையன். கேட்டவன் முகத்தைப் பார்த்தேன். யாரோ மண்ணை வாரி இறைத்திருந்தால்கூட அவ்வளவு வாடியிருக்காது.

ஓடிக்கொண்டே பேசியவர்களில் எனக்கு மிகவும் பிரியமானவர் எமில் ஜாடோபெக். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸில் 10,000 மீட்டரும் 5,000 மீட்டரும் ஜெயித்துவிட்டு, வாழ்நாளில் ஒருதரமும் ஓடியிராத மாரத்தானிலும் பெயர் கொடுத்தார் அந்தச் செக் நாட்டுக்காரர். எப்படி ஓடுவது என்று தெரியாது. தெரிந்தவர் பிரிட்டனின் ஜிம் பீட்டர்ஸ். அதற்கு ஆறு வாரம் முன்புதான் உலகிலேயே வேகமான மாரத்தானை ஓடியிருந்தார். ஜாடோபெக் அவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார். பாதி தூரம் போவதற்குள், இந்த வேகம் சரிதானா என்று ஆங்கிலத்தில் கேட்டார். பீட்டர்ஸுக்கு ஏற்கெனவே உடம்பு தாங்கவில்லை. ஆனாலும் கௌரவம் விடுமா? மெதுவாகத்தான் போகிறோம் என்று ஒரு போடு போட்டார். கதை சொல்பவருக்குச் சொல்பவர் வார்த்தை கொஞ்சம் மாறும், விளைவு மாறாது. 'அப்படியா' என்று ஜாடோபெக் வேகத்தைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பீட்டர்ஸ் சுமார் 32 கிலோமீட்டரில் தசைப்பிடிப்போடு ஒதுங்கினார். ஜாடோபெக்குக்கு எட்டு நாளில் மூன்றாவது தங்கம்.

பொய் சொன்னவர் பீட்டர்ஸ் என்பது எல்லாருக்கும் தெரியும். கேள்வி கேட்டவர் அப்பாவியா என்பதுதான் என் சந்தேகம். அந்த வேகத்தில் கேள்வி கேட்க மூச்சு இருக்கிறது என்று காட்டுவதே பாதி அடி. மீதி அடியைப் பீட்டர்ஸ் தனக்குத்தானே கொடுத்துக்கொண்டார்.

மார்தட்டியவர்களும் இந்த விளையாட்டில் இல்லாமல் இல்லை. ஆரிகன் மாநிலத்துக் கூஸ் பே ஊரில் ஸ்டீவ் ப்ரிஃபான்டெய்ன் என்ற பையன் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் உயரம் போதாமல் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு ஓட வந்தான். பள்ளியின் கடைசி இரண்டு வருஷம் க்ராஸ் கன்ட்ரியில் யாரும் அவனை ஜெயிக்கவில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸ் 5,000 மீட்டருக்கு முன்னால், கடைசி மைலை நான்கு நிமிஷத்துக்குள் இழுப்பேன் என்று வெளிப்படையாகச் சொன்னான். வயது இருபத்தொன்று. சொன்ன இடத்தில், நான்கு சுற்று மிச்சமிருக்கும்போது, முன்னால் போய் இழுக்கவும் செய்தான். ஃபின்லாந்தின் லாஸ்ஸெ விரேன் அந்த வேகத்தைத் தாங்கிக்கொண்டு தங்கத்தை எடுத்துக்கொண்டார். பையன் கோட்டுக்குச் சில அடி முன்னால் வெண்கலத்தையும் விட்டு நான்காவதாக வந்தான். 1975இல் கார் விபத்தில் போய்விட்டான். இன்றைக்கும் ஓட்டக்காரப் பிள்ளைகளின் அறைச் சுவரில் தொங்குவது நான்காவதாக வந்தவன் படம்தான். விரேன் படத்தை நான் எந்த வீட்டிலும் பார்க்கவில்லை.

எனக்கு இந்த இடத்தில் தலையாலங்கானத்துப் போர் ஞாபகம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். புறநானூற்றின் 72ஆம் பாட்டு அந்தப் போரில் ஜெயித்த பாண்டியன் நெடுஞ்செழியனே பாடியது. பட்டத்துக்கு வந்தபோது அவன் சின்னப் பையன். என் பேரன் வயசுகூட இருந்திருக்காது. பகைவர்கள் சிரிக்கிறார்கள்: இவன் நாட்டைப் புகழ்கிறவர்களைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது, இவன் சிறுபிள்ளை, எங்களிடம் யானை இருக்கிறது, தேர் இருக்கிறது, குதிரை இருக்கிறது, மறவர் இருக்கிறார்கள். எதிர்க் கட்டத்தில் நின்று பட்டியல் வாசிக்கிற பேச்சு, அச்சு அசல்.

அதற்கு அவன் சொல்லும் பதிலை நான் எத்தனையோ மேடையில் கேட்டிருக்கிறேன். உரக்கச் சொல்வார்கள், மேசையைத் தட்டுவார்கள். அதில் என்ன இருக்கிறது என்று நின்று பார்த்தவர் குறைவு. என்னிடம் அதைவிடப் பெரிய யானை இருக்கிறது என்று அவன் சொல்லவில்லை. எதிரிகளை முரசோடு சேர்த்துப் பிடிக்காவிட்டால் எனக்கு என்னென்ன ஆகட்டும் என்று அடுக்குகிறான். என் நிழலில் வாழ்கிற குடிகள் கண்ணீர் விட்டு என்னைக் கொடுங்கோலன் என்று தூற்றட்டும். மாங்குடி மருதனைத் தலைவனாகக் கொண்ட புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் விட்டுப் போகட்டும். கேட்டு வருகிறவனுக்குக் கொடுக்க முடியாத வறுமை எனக்கு வரட்டும்.

மூன்றும் தனக்கே விட்டுக்கொண்ட சாபம். அதிலும் நடுவிலிருப்பதை எண்ணி எண்ணிச் சிரித்திருக்கிறேன். உயிர் போகட்டும் என்று சொல்லவில்லை, பாட்டு நிற்கட்டும் என்கிறான். பந்தயத்தில் கைவசம் இருப்பதிலேயே விலை உயர்ந்ததை வைக்கிற பையன். மருதனும் ஏமாற்றவில்லை, மதுரைக் காஞ்சி என்று பத்துப்பாட்டிலேயே நீளமானதை எழுதிக் கொடுத்தார்.

ஐந்து பாட்டுத் தள்ளி, 77இல், அதே பையனை வெளியிலிருந்து பார்க்கிறார் இடைக்குன்றூர் கிழார். கிண்கிணி கழற்றிய காலில் அப்போதுதான் கழல் ஏறியிருக்கிறது. கழுத்தில் குழந்தைக்குக் கட்டிய தாலி இன்னும் இறங்கவில்லை. பாலை விட்டுச் சோறு தின்னத் தொடங்கியதே இன்றைக்குத்தான் என்று ஒரு மிகைப்படுத்தல் வேறு. அப்பேர்ப்பட்டவன் வந்த பகைவரைப் பார்த்து மலைக்கவும் இல்லை, இளக்காரமாக நினைக்கவும் இல்லை. வீழ்த்தியபின் மகிழவும் இல்லை, பெருமையடித்துக்கொள்ளவும் இல்லை என்கிறார் கிழார். சபையில் அவ்வளவு உரக்கச் சபதம் போட்ட வாய், களத்தில் அடங்கிவிட்டது. இரண்டு பாட்டையும் சேர்த்துப் படித்தால்தான் ஆள் முழுசாகத் தெரிகிறான். பாடப்புத்தகக்காரர்கள் ஏனோ ஒன்றை மட்டும் வைப்பார்கள்.

எங்கள் பையன்களிடம் சபதம் போடுகிற பழக்கம் இல்லை. உடற்பயிற்சி எல்லாம் ஸ்ட்ராவா என்ற செயலியில் ஏறுகிறது. எட்டு மைலைத் தலைதெறிக்க ஓடிவிட்டு 'காலை நடை' என்று பெயரிட்டுப் போடுவான் என் பேரன். எதிர்ப் பள்ளிக்காரன் அதைப் பார்த்துத் தூக்கம் கெடுவான் என்ற நம்பிக்கை. கூட்டமாக இருந்தால் மட்டும் கொஞ்சம் துணிச்சல் வரும். மற்ற விளையாட்டில் தண்டனையாகக் கொடுப்பதுதான் எங்கள் விளையாட்டு என்ற அர்த்தத்தில் ஒரு வாசகம் போட்ட பனியன் எல்லாப் பள்ளியிலும் உண்டு. அது கால்பந்துக்காரர்களுக்கு, அவர்கள் ஓடி வந்து பதில் சொல்லப் போவதில்லை என்ற தைரியம். மாநிலப் போட்டி நெருங்கினால் தலைமுடியை வெளுத்து மஞ்சளாக்கிக்கொள்வதும் உண்டு. வாயால் சொல்லாததைத் தலையில் எழுதிக்கொள்கிறார்கள்.

முதல் நாள் ராத்திரி யாராவது ஒருவர் வீட்டில் அணிக்கெல்லாம் பாஸ்தா போடுவது வழக்கம். மகளின் முறை வந்தது. ஓடப்போகிற ஏழு பேரும் மேசையைச் சுற்றி இருந்தார்கள். ஓடுவது ஏழு பேர். முதல் ஐந்து பேர் வந்த இடங்களைக் கூட்டுவார்கள், குறைந்த கூட்டுத்தொகைக்குக் கோப்பை. முதல் ஐந்து இடத்தையும் ஒரே பள்ளி பிடித்தால் 15. அதற்குமேல் சிறப்பு கிடையாது. ஆறாவதும் ஏழாவதும் கணக்கில் வரமாட்டார்கள். எதிராளியின் ஐந்தாவது ஆளுக்கு முன்னால் புகுந்து அவன் எண்ணைக் கூட்டிவிடுவது அவர்கள் உத்தியோகம். ஆகையால் முதல் பையன் எவ்வளவு பெருமை பேசினாலும் அதற்குப் பணம் கட்டுகிறவன் ஐந்தாவது பையன்தான். எங்கள் ஐந்தாவது பையன் மஞ்சள் தலை, கண்ணாடி, ரொம்பப் பேசாதவன். அவன் பக்கத்தில் உட்கார்ந்துதான் பாண்டியன் கதையைச் சொன்னேன். இடையிடையே பேரன் இட்டு நிரப்பினான்.

சபதம் வரை எல்லாரும் தலையாட்டினார்கள். சேர சோழர் இரண்டு பேர், வேளிர் ஐந்து பேர், ஆக ஏழு பேரை இவன் தனி ஆளாக நின்று முடித்தான் என்று புறநானூறு பாடுகிறது என்றேன். மஞ்சள் தலைக்காரன் முள்கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"ஏழு பேர்னா முழு டீம். இவர் ஒருத்தர்தான் இறங்கினாரா?"

"ஆமாம்."

"அஞ்சு பேர் முடிக்கலைன்னா டீமுக்கு ஸ்கோரே கிடையாது. ராஜாவுக்குத் தனிநபர் மெடல் குடுக்கலாம். கோப்பை அவங்களுக்குத்தான்."

தோற்றுச் செத்தவர்களுக்கு எப்படியடா கோப்பை என்று வாதாடிப் பார்த்தேன். மாங்குடி மருதனைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். விதிப்புத்தகம் அப்படித்தான் சொல்கிறது என்று பேரன் உட்பட மற்ற ஆறு பேரும் அவன் பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.