தவறு குறைவாகத் தெரிந்த வார்டுகள்

1990-களில் ஹார்வர்டில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஏமி எட்மண்ட்சன், அமெரிக்க மருத்துவமனைகள் இரண்டில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்த குழுவில் சேர்ந்தார். நல்ல தலைமை நர்சும் ஒற்றுமையும் உள்ள வார்டுகளில் தவறு குறைவாக இருக்கும் என்றே எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. நன்றாக நடக்கும் வார்டுகளில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன.

வேறொருவராக இருந்தால் புள்ளிவிவரத்தில் கோளாறு என்று தள்ளியிருப்பார். அவர் யோசித்தார்: அங்கே தவறு அதிகமா, அல்லது தவறைச் சொல்கிறவர்கள் அதிகமா? இந்த எதிர்பார்ப்பு எதுவும் தெரியாத ஓர் உதவியாளர் வார்டு வார்டாகப் போய்க் கவனித்தார். சிலவற்றில் நர்சுகள் தவறைக் கூச்சமில்லாமல் பேசினார்கள். சிலவற்றில் தலை போய்விடும் என்று வாயைத் திறக்கவில்லை. தவறு குறைவாகத் தெரிந்த இடங்களில் பயம் அதிகமாக இருந்தது. 1996-இல் வெளிவந்த இந்த ஆய்வை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அலுவலகங்களைப் பற்றி இதைவிடப் பயனுள்ள செய்தி எனக்குக் கிடைத்ததில்லை.

நான் வேலை பார்த்த ஒரு கணக்குப் பிரிவில் மேலாளர் கோபக்காரர். வவுச்சர் ஒன்று தவறிப்போனால், அதை அவர் கண்ணில் படாமல் சரிசெய்வதே எங்களுக்கு முழுநேர வேலை. சின்னத் தவறு மார்ச் மாத முடிவில் பெரிதாகி நிற்கும். அவருக்குப் பின் மேலாளராக வந்த அம்மா வேறு மாதிரி. "மேடம், ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று போய் நின்றால், "உக்காருங்க, பார்ப்போம்" என்பார். அவரும் கண்டிப்பானவர்தான், அன்றைய கணக்கு அன்றே முடியாமல் யாரையும் வீட்டுக்கு அனுப்பமாட்டார். ஆனால் அவரிடம் ஒளிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்த நிலைக்கு 'உளவியல் பாதுகாப்பு' என்று பெயர். 1999-இல் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து, பயமின்றிப் பேச முடிகிற குழுக்களே நன்றாகக் கற்றுக்கொள்கின்றன என்று எட்மண்ட்சன் காட்டினார். இதைச் செல்லம் கொடுப்பதாகப் புரிந்துகொள்கிறவர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு. கண்டிப்பு வேலையின் தரத்தில் இருக்கட்டும். உண்மையைச் சொல்ல வந்தவர் மேல் பாயவேண்டாம்.

மாதக் கூட்டத்தில் தவறுகளின் எண்ணிக்கையைத் திரையில் போட்டு, குறைவாகக் காட்டிய பிரிவுக்குப் பாராட்டுக் கேடயம் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதை நிறுத்த வேண்டும். அந்தக் கேடயத்துக்காகவே எத்தனையோ தவறுகள் மேசை இழுப்பறைக்குள் போய்விடுகின்றன. மருத்துவமனையாக இருந்தால் அதன் விலையைக் கொடுப்பவர் நோயாளி.