பொக்கேரியா சந்தையில் மடியில் கனம்!

ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரத்தில் விமானம் இறங்கும்போது, ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கடலை ஒட்டிப் பாத்தி பாத்தியாகப் பச்சை வயல்கள் தெரியும். யோபிரகாத் என்ற ஆற்றின் கழிமுகம் அது. விமான நிலையம் இருக்கும் எல் பிராட் என்ற ஊர், தாமரை மொட்டு மாதிரி இருக்கும் ஆர்ட்டிசோக் காய்க்கும், நீலக்கால் நாட்டுக்கோழிக்கும் பேர் போனது. நகரம் வளர்ந்து வளர்ந்து விளைநிலத்தை விழுங்கிவிடக் கூடாது என்று, சுமார் 3,000 ஹெக்டேரை ‘வேளாண் பூங்கா’ என்று ஒதுக்கிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். நகரத்துக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் பெருமூச்சு விட வேண்டிய விஷயம்தான்.

இவ்வளவு நல்ல பெயர் உள்ள ஊருக்கு ஒரு கெட்ட பெயரும் உண்டு. ஐரோப்பாவில் பிக்பாக்கெட் அதிகமுள்ள ஊர்கள் என்று சொல்லும்போது ரோம், பாரிஸ் நகரங்களோடு பார்சிலோனாவையும் சேர்த்தே சொல்கிறார்கள். அந்த ஊர் மெட்ரோ ரயிலில் ‘ஜாக்கிரதை’ என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார்கள். ஜேப்படிக்காரனுக்கு ஸ்பானிஷில் ‘கார்ட்டெரிஸ்டா’ என்று பெயர். ‘கார்ட்டெரா’ என்றால் பர்ஸ். ரயில் பெட்டிக்குள் யாராவது “கார்ட்டெரிஸ்டா!” என்று கத்தினால், உள்ளூர்க்காரர்கள் அத்தனை பேரின் கையும் தன்னால் பைக்குப் போகும். வெளியூர்க்காரர்கள் மட்டும் என்ன சத்தம் என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

பிள்ளைகள் ஐரோப்பாவில் வேலை பார்ப்பதால், தோட்டத்தையும் மாட்டையும் அக்கம்பக்கத்தாரிடம் ஒப்படைத்துவிட்டு ஒரு மாதம் போய் வரும் பெற்றோர்கள் இப்போது கிராமங்களிலும் இருக்கிறார்கள். பயணச் செலவு என்பது அவர்களுக்கு ஒரு போகத்து மஞ்சள் காசு. அதைவிடப் பெரியது பாஸ்போர்ட். மொழி தெரியாத ஊரில் அது போய்விட்டால், திரும்பி வரவே வழியில்லாமல் நிற்க வேண்டியதுதான்.

ஓடைமேல் ஒரு கடைவீதி

பார்சிலோனாவுக்குப் போகிறவர்கள் யாரும் ‘லா ரம்ப்லா’ என்ற வீதியைத் தவறவிடுவதில்லை. கத்தலூன்யா சதுக்கத்தில் தொடங்கி, துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கொலம்பஸ் சிலை வரைக்கும் சுமார் 1.2 கிலோமீட்டர் நீளம். நடுவில் நடந்து போகிறவர்களுக்கு அகலமான பாதை. இரண்டு பக்கமும் மர நிழல், நடுநடுவே பூக்கடைகள். ‘ரம்ப்லா’ என்ற பெயர் மணலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடி, மற்ற நாளில் மணலாகக் கிடந்த காட்டாற்று ஓடை அது. இப்போது தண்ணீருக்குப் பதில் ஜனங்கள் ஓடுகிறார்கள். பிக்பாக்கெட் ஆட்களுக்கு இதைவிட நல்ல மேய்ச்சல் நிலம் கிடைக்காது.

வீதியின் பாதி வழியில், வலது கைப் பக்கம் இரும்புக் கூரை போட்ட ஒரு பெரிய சந்தை இருக்கிறது. அதுதான் பொக்கேரியா. கோட்டை வாசலுக்கு வெளியே தரையில் கடை விரித்து விற்ற காலத்திலிருந்து கணக்குப் பார்த்தால் 13-ம் நூற்றாண்டு வரை போகிறது. இப்போதுள்ள சந்தைக்கு 1840-ல் அடிக்கல் போட்டார்கள். கூரை 1914-ல் வந்தது.

விவசாயி ஒருவர் உள்ளே நுழைந்தால் வெளியே வர மனசு வராது. கொத்துக் கொத்தாக நூலில் கட்டித் தொங்கும் தக்காளி ஒன்று இருக்கிறது. தோல் தடித்த ரகம். கோடையில் பறித்துக் கட்டித் தொங்கவிட்டால், குளிர்பதனப் பெட்டி இல்லாமலே குளிர்காலம் வரை தாங்கும். அதை ரொட்டியில் தேய்த்து, ஆலிவ் எண்ணெய் விட்டுச் சாப்பிடுவது அந்த மாகாணத்தின் அன்றாட உணவு. குளிர்காலத்தில் போனால் ‘கல்சோட்’ என்ற வெங்காயம் கிடைக்கும். ஒருமுறை விளைந்த வெங்காயத்தைத் திரும்ப நட்டு, முளை மேலே வர வர மண் அணைத்துக்கொண்டே போவார்கள். வெயில் படாத தண்டு வெள்ளையாக, ஒரு சாண் அளவுக்கு நீண்டு, இனிப்பாக வரும். மண் அணைப்பதற்கு அவர்கள் சொல்லும் வார்த்தையிலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது. கவாத்து செய்த திராட்சைக் குச்சிகளை எரித்து, அந்தத் தீயில் கருகக் கருகச் சுட்டு, மேல் தோலை உரித்துவிட்டுச் சாப்பிடுகிறார்கள். மிளகாய் வற்றல், குங்குமப்பூ, காளான், அத்தி, மாதுளை என்று கண் ஓடிக்கொண்டே இருக்கும்.

கண் அங்கே ஓடும்போதுதான் கை இங்கே நுழைகிறது.

தர்மபுரியிலிருந்தோ தேனியிலிருந்தோ ஒரு தம்பதி வந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சந்தையின் முன்வாசலில் பழத் துண்டும் பழச்சாறும் விற்கும் கடைகளில்தான் கூட்டம் நெரியும். ஐயா சட்டைப் பையிலிருந்து பர்ஸை எடுத்துப் பணம் கொடுக்கிறார். பர்ஸ் எந்தப் பையில் இருக்கிறது, எவ்வளவு கனம் என்பதை ஒருவன் பார்த்துவிட்டான். நான்கு அடி நடப்பதற்குள் முன்னால் போகும் பெண் சட்டென்று நின்று குனிகிறாள். ஐயா அவள்மேல் மோதாமல் இருக்கத் தடுமாறுகிறார். பின்னால் வந்தவன் லேசாக இடிக்கிறான், “சாரி” என்கிறான். பர்ஸ் அவன் கைக்கு வந்து, எதிரே வரும் மூன்றாவது ஆளிடம் போய்விடுகிறது. எல்லாம் ஒரு மூச்சு விடும் நேரம். இடித்தவனைப் பிடித்துச் சோதித்தாலும் அவனிடம் ஒன்றும் இருக்காது. மறிக்க ஒருவர், எடுக்க ஒருவர், கடத்த ஒருவர். எருக்குழி நாற்றத்தை வைத்துக் கண்டுபிடிப்பது போல உடையை வைத்து இவர்களைக் கண்டுபிடிக்க முடியாது. தொப்பி, கேமரா, தோள்பை என்று சுற்றுலாப் பயணி போலவே இருப்பார்கள். தோல் நிறத்தையும் முகத்தையும் பார்த்துச் சந்தேகப்படுவது தப்பு மட்டுமல்ல, வீணும்கூட. அப்பாவியை முறைத்துக்கொண்டிருக்கும்போது, கண்ணியமாகத் தெரிகிறவர் கைவரிசையைக் காட்டிவிட்டுப் போயிருப்பார்.

மெட்ரோவில் இதே வேலை கதவருகே நடக்கும். கதவு மூடப் போகும் நேரத்தில் எடுத்துக்கொண்டு கீழே குதித்துவிடுவார்கள். ரயில் உங்களைத் தூக்கிக்கொண்டு போய்விடும். நகரும் படிக்கட்டில் முன்னால் நிற்பவர் காசைக் கீழே போட்டுத் தேடுவதும் இதே கணக்குதான்.

சாலையோர உணவகத்தில் மேஜைமேல் செல்போனை வைத்துவிட்டு உட்கார்ந்தால், ஒருவர் வரைபடத்தையோ கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு தாளையோ கொண்டுவந்து விரித்து வழி கேட்பார். திரும்ப எடுக்கும்போது தாளோடு போனும் போகும். தோளில் ஏதோ அசிங்கம் பட்டிருக்கும். “பறவை எச்சம், துடைத்து விடுகிறேன்” என்று அன்பாக ஒருவர் வருவார். அந்த எச்சத்தை ஊற்றியதே அவர் கூட்டாளிதான். நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் ‘சட்டையில் சாணி’ என்று ஆரம்பிக்கும் பழைய வித்தையின் ஐரோப்பியப் பதிப்பு. கொஞ்சம் கலகலப்பான ரகமும் உண்டு. ராத்திரியில், கால்பந்து விளையாடிக் காட்டுகிறேன் என்று காலோடு கால் பின்னி ஆடுவான். சிரித்து முடிப்பதற்குள் பின்பக்கப் பாக்கெட் காலியாகும். ரம்ப்லாவில் மூன்று கிண்ணங்களைக் கவிழ்த்து, உருண்டை எதில் இருக்கிறது என்று பந்தயம் நடத்துவார்கள். ஜெயிக்கிறவர்கள் எல்லாம் அவர்கள் ஆட்கள். வேடிக்கை பார்த்தால்கூட ஆபத்து, ஏனென்றால் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே பிக்பாக்கெட் நிற்பான். “போலீஸ், பர்ஸைக் காட்டு” என்று சாதாரண உடையில் ஒருவர் கேட்டால் கொடுக்க வேண்டாம். உண்மையான போலீஸ் பணத்தை எண்ணிப் பார்க்கக் கேட்காது. “ஸ்டேஷனுக்கு வருகிறேன்” என்றால் போதும், போலிகள் நழுவிவிடுவார்கள்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் ஒழிக்க முடியவில்லை? ஒரு காரணம் சட்டம். ஸ்பெயினில் 400 யூரோவுக்கு மிகாத திருட்டு சிறு குற்றம். பெரும்பாலும் அபராதத்தோடு முடியும். பிடிபட்டவரே திரும்பத் திரும்ப வருகிறார் என்று எழுந்த கூச்சலுக்குப் பிறகு, 2022-ல்தான் தொடர்ந்து திருடுகிறவர்களுக்குச் சிறைத் தண்டனை கிடைக்கும்படி சட்டத்தைத் திருத்தினார்கள். இன்னொரு காரணம், பறிகொடுத்தவர் இரண்டு நாளில் ஊருக்குக் கிளம்பிவிடுகிறார். சாட்சி சொல்ல யார் திரும்பி வருவார்?

பச்சை பெல்ட்டை மறக்காதீங்க

‘மணி பெல்ட்’ என்று விமான நிலையங்களில் நல்ல விலைக்கு விற்கிறார்கள். வேட்டிமேல் கட்டும் அகலமான பச்சை பெல்ட்டும், பட்டாபட்டி டவுசரின் உள்பாக்கெட்டும், பாட்டிமார்களின் சுருக்குப்பையும் அதே வேலையைத்தான் செய்கின்றன. மாட்டுச் சந்தைக்குப் பணம் கொண்டுபோகத் தெரிந்த எவருக்கும் பார்சிலோனா ஒன்றும் புதிதல்ல. ஒரே ஒரு வித்தியாசம், பெல்ட்டைச் சட்டைக்கு உள்ளே கட்ட வேண்டும். அதில் பாஸ்போர்ட், ஒரு ஏ.டி.எம் கார்டு, பெரிய நோட்டுகள் இருக்கட்டும். கூட்டத்தில் அதைத் திறக்கவே கூடாது. அன்றைய செலவுக்கான சில்லறை மட்டும் முன்பக்கப் பாக்கெட்டில். அது போனாலும் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசோடு போகட்டும். கணவன் மனைவி இருவரும் பணத்தையும் கார்டையும் பிரித்து வைத்துக்கொள்வது அவசியம். எல்லா விதையையும் ஒரே குதிரில் கொட்டுகிறவர்கள் இல்லையே நாம்.

பாஸ்போர்ட்டை அறையிலேயே வைத்துவிடலாமா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். வெளிநாட்டவர் அடையாள ஆவணம் வைத்திருக்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். ஆகவே அசல் பெல்ட்டுக்குள் இருக்கட்டும், சும்மா கேட்கிற இடத்தில் காட்ட ஒரு நகல் பாக்கெட்டில் இருக்கட்டும். பாஸ்போர்ட், விசா பக்கங்களின் படத்தைப் பிள்ளைகளின் போனுக்கும் அனுப்பி வைக்க வேண்டும்.

தோள்பையை முதுகில் போட்டால் அது உங்கள் பை அல்ல. கூட்டத்தில் முன்பக்கம், ஜிப்பின்மேல் கை. நாற்காலியின் முதுகில் மாட்டவே கூடாது. ஹோட்டலில் காலை உணவு எடுக்கப் போகும்போது மேஜையில் பையை விட்டுப் போகிறவர்களுக்காகவே சிலர் நன்றாக உடுத்திக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பார்கள். அம்மாக்கள் நகையை ஊரிலேயே பத்திரப்படுத்திவிடுவது நல்லது. தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்து ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டால் உறுத்தலும் இல்லை, உற்றுப் பார்ப்பவர்களும் இல்லை.

கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வேண்டும்போது திறக்கவும், மூடவும், உச்சவரம்பு வைக்கவும் வங்கிகள் வசதி தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2020-ல் போட்ட உத்தரவு. கிளம்பும் முன் வங்கியில் கேட்டுச் செய்துகொள்ளலாம். கார்டை முடக்க அழைக்க வேண்டிய எண்ணைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். போனில் மட்டும் வைத்திருந்தால், போன் போகும்போது எண்ணும் போய்விடும். *#06# என்று அழுத்தினால் வரும் 15 இலக்க எண்ணையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். புகார் கொடுக்கும்போது உதவும்.

அப்படியும் போய்விட்டால்? துரத்த வேண்டாம். அவசர உதவிக்கு 112. போலீஸ் நிலையத்தில் ‘டெனுன்சியா’ என்று சொன்னால் புகார் என்று புரிந்துகொள்வார்கள். அதன் நகலை வாங்காமல் வரக் கூடாது. காப்பீட்டுக்கும் தூதரகத்துக்கும் அதுதான் ஆதாரம். பாஸ்போர்ட் போய்விட்டால் இந்தியத் தூதரகத்தை அணுக வேண்டும். அவசரமாக ஊர் திரும்ப வேண்டியவர்களுக்கு, ஒருமுறை மட்டும் இந்தியாவுக்கு வரப் பயன்படும் அவசரச் சான்றிதழ் கொடுப்பார்கள். இன்னொன்று, ஷெங்கன் விசாவுக்காக எடுக்கச் சொல்லும் 30,000 யூரோ காப்பீடு மருத்துவச் செலவுக்கானது. திருட்டுக்கும் சேர்த்து இருக்கிறதா என்பதை ஏஜென்டிடம் கேட்டு, தாளில் படித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சட்டைப் பையில் தங்கும் முகவரியும் பிள்ளையின் போன் எண்ணும் எழுதிய ஒரு சீட்டு இருக்கட்டும். அந்த ஊரில் 1882-ல் கட்டத் தொடங்கிய சக்ராதா ஃபமீலியா தேவாலயத்தைப் பார்க்கத்தான் உலகமே போகிறது. அண்ணாந்து பார்ப்பவர்கள் நிறைந்த இடம் என்பதால் பிக்பாக்கெட்டும் போகிறான். அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் அந்தோனி கவுதி, 1926 ஜூனில் டிராம் வண்டியில் அடிபட்டு விழுந்தார். எளிய உடை, கையில் அடையாளத் தாள் எதுவும் இல்லை. யாரோ ஒரு பிச்சைக்காரர் என்று நினைத்து ஏழைகளுக்கான ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவர் யார் என்று மற்றவர்கள் அறிந்துகொள்ளத் தாமதமானது. மூன்றாம் நாள் இறந்துபோனார்.

பொக்கேரியாவுக்குக் காலையிலேயே போவது நல்லது. முன்வாசல் கூட்டத்துக்குள் நுழையாமல் பக்கவாட்டில் சுற்றிப் போனால், சான்ட் கால்டிரிக் என்ற சிறு சதுக்கம் வரும். கால்டிரிக், கத்தலூன்யா உழவர்களின் காவல் புனிதர். அங்கேதான் யோபிரகாத் கழிமுகத்து விவசாயிகள் தாங்களே விளைவித்த கீரையையும் ஆர்ட்டிசோக்கையும் கொண்டுவந்து விற்கிறார்கள். மொழி தெரியாவிட்டாலும் கையை வைத்துக் காட்டி விலை, ரகம் எல்லாம் பேசலாம். மதியத்துக்குள் கடையைக் கட்டிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சந்தை விடுமுறை.