பழசா, புதுசா?

பி.காம். எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம்: சரக்கு பழசானால் மதிப்பைக் குறைத்து எழுது. தஞ்சாவூர் அரிசிக் கடையில் அது செல்லாது சார்! ஒரு வருஷப் பழசு பொன்னிக்குத்தான் விலை அதிகம்.

காரணம் பானையில் இருக்கிறது. தை மாசப் புது அரிசி பொங்கலுக்கு அமிர்தம். சோறாக வடித்தால் குழைந்து களி! பழசோ, கூடுதலாகத் தண்ணீர் குடித்துவிட்டு உதிரி உதிரியாகப் பானை நிறைய எழும்பும்.

பிரான்ஸில் ரோன் நதிக்கரை சிரா ஒயினுக்கும் இதே பஞ்சாயத்துதான். சாதா ரகத்தை இரண்டு மூன்று வருஷத்தில் குடித்துவிடுவார்கள். எர்மிட்டாஜ் குன்றில் விளைந்த உசத்தி ரகமோ பத்து வருஷம்கூடக் காத்திருக்கும்.

காவிரிக் கரையில் இருந்தும் எங்கள் வீட்டில் எப்போதும் புது அரிசிதான்.

"ரெண்டு மூட்டையப் பழசாக்கி வெச்சுக்கக் கூடாதாப்பா?"

"நெல்லு காத்திருக்கும்டா. கடன்காரன் காத்திருப்பானா?"

அறுத்த நெல் களத்திலிருந்தே வியாபாரியின் லாரியில் ஏறிவிடும். அக்கா கல்யாணத்துக்கு அதே வியாபாரியிடம் பழைய அரிசியைக் கூடுதல் விலைக்கு வாங்கினார் அப்பா.

பந்தியில் சம்பந்தி கேட்டார்: "சாதம் பிரமாதம். உங்க வயல்ல வெளஞ்சதா?"

அப்பா தலையாட்டினார். பொய் என்று எப்படிச் சொல்வது?