இரண்டு முனைகளில் மட்டும்

இருபத்தொரு நாள்களின் தரவை என் ஆய்வேட்டிலிருந்து நேற்று நீக்கினேன். தவறு என்னுடையது. காரணத்தை எழுதிவைத்தால் இதே வேலையைத் தொடங்கும் வேறொருவருக்குப் பயன்படலாம்.

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. பொன்னைப் பிரித்தபின் கொட்டிய அரைமண் 13 மேடுகளாக இன்றும் நிற்கிறது. சயனைட் மேடு என்பது எங்கள் வழக்கு. காற்றுக் காலத்தில் அம்மண் இராபர்ட்சன்பேட்டை வீடுகளில் காயும் துணியிலும் மூடிவைத்த சோற்றிலும் படியும். எவ்வளவு படிகிறது என்பதை அளப்பதே என் ஆய்வு.

மூன்று தூசி உணரிகளை நிறுத்தி, ஏறத்தாழ 180 மீட்டர் முறுக்குக் கம்பியால் அத்தை வீட்டிலிருந்த பழைய கணினியோடு இணைத்தேன். கணினியில் ஆர்எஸ்-485 தொடர்முனைய அட்டை. முதல் சிக்கல் எளிதில் தீர்ந்தது. அட்டை காம்3 ஆக அமைந்திருந்தது. வழக்கமான அமைப்பில் காம்1, காம்3 இரண்டுக்கும் ஐஆர்க்யூ 4 என்பதால் அவை மோதிக்கொண்டன. ஜம்பரை மாற்றி ஐஆர்க்யூ 5 கொடுத்ததும் உணரிகள் பேசத் தொடங்கின.

இரண்டாம் சிக்கலை நான் சிக்கலென்றே அறியவில்லை. கம்பியின் முடிவில் தடை இல்லையெனில் சைகை எதிரொலித்துத் திரும்பும்; ஆகவே இரு கோடியிலும் 120 ஓம் முனைத்தடை வைப்பது விதி. பாதுகாப்பு கூடட்டும் என்று மூன்று உணரிப் பெட்டிகளிலும் முனைத்தடை ஜம்பரைச் செருகினேன். அட்டையிலும் ஒன்று இருந்தது. ஆக நான்கு. சைகை மெலிந்தது, இரைச்சல் அதை வென்றது. காற்றை நேரே வாங்கும் கடைசி உணரியின் கம்பி இணைப்புகள் ஆடியபோதெல்லாம் செய்திகள் சிதைந்தன. பிழைச் சோதனையில் தோற்ற செய்திகளை மென்பொருள் ஓசையின்றிக் கைவிட்டு, எஞ்சியவற்றுக்குச் சராசரி கண்டது.

விளைவை எண்ணிப் பாருங்கள். காற்று வலுத்த மணிநேரங்களே விடுபட்டன. என் வரைபடத்தில் எங்கள் ஊர்க் காற்று தூயதாகத் தெரிந்தது.

மின்சாரத்தை நிறுத்தி, இரு கம்பிகளுக்கிடையே மீட்டரை வைத்தேன். கம்பியின் தடையையும் சேர்த்து 60 ஓமுக்குச் சற்று மேலே காட்ட வேண்டியது, 40க்கும் கீழே காட்டியது. அருகிலிருந்த அப்பா, சுரங்கத்தில் வேலை பார்த்தவர், விவரம் கேட்டார். சொன்னேன். “கேஜை ஏத்தி இறக்க ஒருத்தன்தான் மணி அடிப்பான். எல்லாரும் அடிச்சா வைண்டிங் டிரைவர் எதைம்மா கேப்பான்?” என்றார்.

நடுவிலிருந்த இரு ஜம்பர்களையும் கழற்றினேன். 9600 பாட் வேகத்தில் ஒரு பிட்டுக்கு 104 மைக்ரோவினாடி. 180 மீட்டர் சென்று திரும்பும் எதிரொலிக்கு இரண்டு மைக்ரோவினாடி போதும். அந்தத் தூரத்துக்கு முனைத்தடையே இல்லாமலும் வேலை நடந்திருக்கும்.

விடுபட்ட இடங்களைக் கணக்கிட்டு நிரப்பலாமே என்றனர் நண்பர்கள். அளக்காத தூசிக்கு எண் எழுத எனக்கு மனம் வரவில்லை. அடுத்த காற்றுக் காலத்தில் மீண்டும் அளப்பேன்.

தொடர்கம்பி இழுப்போருக்கு ஒரு வேண்டுகோள்: மின்சாரம் கொடுக்குமுன் மீட்டரை வையுங்கள், கைவிடப்பட்ட செய்திகளையும் எண்ணுங்கள்.