மழை மேல் போட்ட பழி

ஐப்பசி மழை வலுத்துவிட்டால் எனக்கு இன்றைக்கும் ஒரு சிமெண்ட் தளம்தான் ஞாபகத்துக்கு வரும்.

எண்பதுகளில் ஒரு பெட்ரோலிய டிப்போவில் ஆபீசராக இருந்தேன். டேங்கர் லாரிகளில் பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் நிரப்பி அனுப்பும் இடம். ஊரும் கம்பெனியும் எதற்கு, விடுங்கள். எவ்வளவு ஜாக்கிரதையாக நிரப்பினாலும் குழாயை எடுக்கும்போது கொஞ்சம் சொட்டும். தளத்தைக் கழுவும் தண்ணீர் ஓரக் கால்வாய் வழியாக மூன்று அறை கொண்ட ஒரு தொட்டிக்குப் போகும். அங்கே நிதானமாக நின்றால் எண்ணெய் மேலே மிதக்கும். அடித்தண்ணீர் தடுப்புச் சுவருக்குக் கீழே புகுந்து அடுத்த அறைக்குப் போய்விடும். மிதப்பதை வழித்துப் பீப்பாயில் சேர்ப்போம். ஆறின குழம்பின் மேல் எண்ணெய் நிற்கிறதே, அதே கணக்குதான்.

நிதானம்தான் அதற்கு முக்கியம். ஆனால் எங்கள் டிப்போவில் கூரையில் விழும் மழைத்தண்ணீரும் அதே தொட்டிக்குத்தான் இறங்கியது. யார் போட்ட பிளானோ! 1000 சதுர மீட்டர் கூரையில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டர். அந்தக் காலத்து 12,000 லிட்டர் லாரியில் எட்டு லாரிக்கும் மேல். சுத்தமான தண்ணீர்தான். ஆனால் தொட்டியில் கிடக்கும் எண்ணெயையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போய்விடும்.

ஒரு தீபாவளிக்கு முன்னால் தலைமை அலுவலகத்திலிருந்து இன்ஸ்பெக்‌ஷன் என்றார்கள். தளம் பளிச்சென்று இருக்கட்டும் என்று சோப்புத்தூள் போட்டுத் தேய்க்கச் சொன்னேன். என் அப்பா வயதுள்ள ஆபரேட்டர் ஒருவர், “சோப்பு வேணாம் சார். எண்ணெய் தண்ணியோட கலந்துடும், தொட்டியில பிரியாது. மரத்தூள் போட்டுக் கூட்டிடலாம்” என்றார். எனக்கு வயது இருபத்தெட்டு, கையில் டிகிரி. “சொன்னதைச் செய்யுங்க” என்றேன்.

தொட்டித் தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. மேலே எண்ணெய்ப் படலமே காணோம். சுத்தமாகிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். அன்று ராத்திரி மழை கொட்டித் தீர்த்தது.

விடிந்ததும் கேட்டில் ஒரு பெரியவர், கையில் வாளியோடு. எங்கள் தண்ணீர் போகும் வாய்க்கால் அவர் நிலத்தை ஒட்டித்தான் ஏரிக்குப் போகிறது. வாளித் தண்ணீரில் வானவில் நிறங்கள் மினுங்கின. “மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிடுச்சு தம்பி. அதான் எடுத்தாந்தேன்” என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

மழை விட்டிருந்ததால் தொட்டியின் வால்வை மூட முடிந்தது. சாக்குகளில் வைக்கோலை அடைத்து வாய்க்காலின் குறுக்கே போட்டோம். எண்ணெய் ஊறியதை எடுத்துவிட்டுப் புதுச் சாக்கு. இப்படியே இரண்டு நாள். பின்னால் வந்த விதிப்படி, ஆற்றிலோ ஏரியிலோ விடும் தண்ணீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் எண்ணெய்தான் இருக்கலாம். ஒரு சொட்டுகூட இல்லை அது. நாங்கள் அன்று விட்டதை எண்ணிப் பார்க்கவே வேண்டாம்.

ரிப்போர்ட்டில் “எதிர்பாராத கனமழை காரணமாக” என்று எழுதினேன். சோப்பு என்ற சொல்லே அதில் கிடையாது. காப்பியைப் படித்த ஆபரேட்டர், “மழை மேல எழுதிட்டீங்களா சார்?” என்று மட்டும் கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

வேடிக்கை என்னவென்றால், கூரைத் தண்ணீரைத் தனிக் குழாயில் பிரித்து வெளியே விட மறு வருஷமே பணம் ஒதுக்கினார்கள். அந்த ரிப்போர்ட்டைக் காட்டித்தான் வாங்கினேன். கேன்ட்ரி ஓரத்தில் ஒரு மூட்டை மரத்தூளும் நிரந்தரமாக வந்து உட்கார்ந்தது.

பெரியவரிடம் நடந்ததைச் சொன்னேனா என்று கேட்காதீர்கள். அவர் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுப்பேன். எதற்கு இந்த ஆபீசர் நமக்கு டீ வாங்கித் தருகிறார் என்று அவருக்குக் கடைசி வரை தெரியாது.