துளசி வதக்கும் கடை

எரிவாயுக் குழாய் கசிகிறது என்று சொல்லி எங்கள் கட்டடம் முழுவதற்கும் அடுப்பை அணைத்துவிட்டுப் போனார்கள். நியூயார்க்கின் பழைய குடியிருப்புகளில் இது புதிதல்ல. அணைக்க ஒரு மணி நேரம். சோதனைகளும் அனுமதிகளும் முடிந்து மறுபடி திறக்கப் பல வாரங்கள். மின்சாரப் பாத்திரத்தில் சோறு வடித்துத் தயிர் ஊற்றிக்கொண்டால் எனக்குப் போதும். அப்பாவுக்கும் அதுவே போதும் என்பதுதான் என் கவலை. அம்மா போன எட்டு மாதங்களாக அவர் அதைத்தான் சாப்பிட்டு வந்தார். கும்பகோணத்திலிருந்து அவரை அழைத்து வந்தபோது சட்டை உடம்பில் நிற்காமல் தொளதொளத்தது. என்ன வேண்டும் என்று கேட்டால், "எதுவானாலும் சரி" என்பார். பரிமாறினால் பாதியில் கை கழுவிவிடுவார். அம்மாவைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை.

நாங்கள் வசிக்கும் எல்ம்ஹர்ஸ்ட், குவீன்ஸில் தாய்லாந்துக்காரர்கள் சேர்ந்து வாழும் பகுதி. அவர்களுக்கென்று ஒரு பௌத்தக் கோயிலும் மளிகைக் கடைகளும் உண்டு. எங்கள் தெருமுனையில் ஆறு மேசைகள் கொண்ட சிறு உணவகம் ஒன்று இருக்கிறது. நான்கு வருடங்களாக அதைக் கடந்துதான் ரயிலுக்குப் போகிறேன், உள்ளே நுழைந்ததில்லை. காரணம் மீன்சாறு. நாம் உப்புப் போடும் இடத்தில் அவர்கள் பெரும்பாலும் அதைத்தான் ஊற்றுவார்கள். குழம்புக்கான விழுதில் இறாலும் அரைபட்டிருக்கும். 'காய்கறிக் குழம்பு' என்ற பெயரை நம்பிச் சாப்பிட்டுவிட்டு ஆகா என்று எழுதும் நம்மவர்கள் இதைக் கவனித்துக்கொள்ளலாம்.

அப்பாவிடம் 'தாய் உணவகம்' என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. தமிழில் அந்தச் சொல் வேறொன்றாகவும் காதில் விழும். "சயாம் சாப்பாடு" என்றேன். அவர் தலைமுறைக்கு அதுதான் பழகிய பெயரும்கூட.

அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தணிக்கை செய்பவரைப்போல உணவுப் பட்டியலை வரிவரியாகப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"ஹோலி பேசில்னு போட்டிருக்கே, அது என்னடா?"

"துளசிப்பா."

"துளசியையா வதக்கறா?"

ஆமாம். பட் கப்ராவ் என்று பெயர். கொத்திய இறைச்சி, பூண்டு, மிளகாயோடு துளசியை வதக்கிச் சோற்றின் பக்கத்தில் வைத்து, மேலே ஒரு முட்டையும் பொரித்துப் போடுவார்கள். அமெரிக்காவில் பல உணவகங்கள் துளசி கிடைக்காமல் அதன் உறவுக்கார இலைகளைப் போட்டு ஒப்பேற்றுகின்றன. இந்தக் கடையில் அந்தச் சமாளிப்பு இல்லை. அடுக்களையிலிருந்து வந்தது சாட்சாத் பெருமாள் கோயில் வாசனை. எங்கள் வீட்டு முற்றத்து மாடத்தில் அம்மா தினமும் விளக்கேற்றிய அதே செடி. அப்பா எழுந்துவிடுவார் என்று நினைத்தேன்.

பரிமாற வந்த அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். இறைச்சி, மீன், முட்டை, மீன்சாறு என்று வேண்டாதவற்றை நான் அடுக்கிக்கொண்டிருக்க, அவர் இடைமறித்து, "ஜே?" என்றார். பிறகு பூண்டும் வெங்காயமும்கூடக் கிடையாது என்று கையை ஆட்டிக் காட்டினார்.

அப்பா நிமிர்ந்தார். "வெங்காயம் பூண்டுகூடக் கிடையாதா?"

அந்த அம்மாள் ஒன்பது விரல்களை விரித்தார். ஜே என்பது சீன வழியில் வந்த விரத உணவு. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது நாட்கள் தாய்லாந்தில், குறிப்பாக பூகெட்டில், பெருவிழாவாகவே அனுசரிக்கிறார்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து கட்டிய கடைகளில் அந்நாட்களில் இந்த உணவுதான். பல ஆண்டுகளில் நம் நவராத்திரியை ஒட்டியே வரும். அப்பாவுக்கு வேறொன்று நினைவு வந்தது. பாங்காக் அரசவைப் பிராமணர்கள் நடத்தும் திரியம்பாவாய்ச் சடங்கைப் பற்றி எப்போதோ படித்திருக்கிறார். திருவெம்பாவையே அப்படித் திரிந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. அதில் ஆட்கள் ஏறி ஆடிய ராட்சத ஊஞ்சல் 1935இல் நின்றுபோனாலும் கோயிலுக்குள் சடங்கு தொடர்கிறது. எட்டு மாதங்களில் அப்பா தொடர்ந்து பேசிய ஐந்து நிமிடம் அதுதான். நான் குறுக்கிடவில்லை.

டோம் யம் வந்தது. அது ரசத்தின் உடன்பிறப்பு என்று பலர் எழுதிப் படித்திருக்கிறேன். எனக்கு அப்படிப் படவில்லை. ரசத்தில் புளி கொதித்து அடங்கியிருக்கும். பருப்புத் தண்ணீர் அதைத் தாங்கும். இங்கே எலுமிச்சை கடைசியில் பிழியப்படுவதால் புளிப்பு பச்சையாக முன்னால் வந்து நிற்கிறது. அதன் பின்னால் எலுமிச்சைப்புல்லும், நார்த்தை இலையை நினைவூட்டும் ஓர் இலையும். மிளகாய் பிறகுதான் தொண்டையில் தெரிகிறது.

அப்பா கிண்ணத்திலிருந்து வட்டமான ஒரு துண்டைக் கரண்டியால் எடுத்து முகர்ந்தார். இஞ்சி என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"இது அரத்தைடா."

பேரரத்தை. நம் நாட்டுமருந்துக் கடைகளில் விற்கும் சித்தரத்தையின் பெரிய உறவு. அங்கே அதன் பெயர் 'கா'. அப்பா அதைக் கிண்ணத்தின் விளிம்பில் வைத்தார்.

"உனக்குக் கக்குவான் வந்தப்போ உங்கம்மா இதைத்தான் இழைச்சுத் தேன்ல குழைச்சுக் குடுப்பா. ராத்திரியெல்லாம் உன்னைத் தோள்ல போட்டுண்டு கூடத்துல நடந்துண்டே இருப்பா. என்னைத் தூங்கச் சொல்லிடுவா. நானும் தூங்கிடுவேன்."

மேலும் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கரண்டியை எடுத்துக் கிண்ணத்தைக் காலி செய்தார். விளிம்பில் ஏழு துண்டுகள் வரிசையாக இருந்தன.

ஐந்தாவது வாரம் அடுப்பு எரிந்தது. நான் ரசம் வைக்கிறேன், அப்பா சாப்பிடுகிறார். ஆனால் செவ்வாயும் வெள்ளியும் மதியத்தில், நான் அலுவலகத்தில் இருக்கும் நேரம், அவர் தனியாகத் தெருமுனைக்குப் போய்வருகிறார். துளசியை வதக்குவதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. அடுக்களைக்கு முதுகு காட்டும் நாற்காலியில்தான் உட்காருவாராம். பேச்சு புரியாத நாளுக்கென்று, அந்த அம்மாள் ஒரு துண்டுத்தாளில் சிவப்பு மையால் 'ஜே' என்று தாய் எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதைப் பணப்பையில், அம்மாவின் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். உப்புதான் கொஞ்சம் அதிகம் என்கிறார்.