எவருடைய கன்னம்?

நாம் இக்கலாசாலையில் பயின்ற காலத்தில், ஒரு மாலை, சொற்போர்ச் சங்கத்திலே, வலியவனுக்கு விட்டுக்கொடுத்தலே சமாதானத்துக்கு வழி என்னும் பொருளை ஆதரித்துப் பேசினோம். மலைப் பிரசங்கத்தைத் துணைக்கொண்டு, மறு கன்னத்தைக் காட்டும் பொறுமை தனி மனிதர்க்கேயன்றித் தேசங்களுக்கும் தகும் என்று வாதித்தோம். கரகோஷம் மிகுதியாயிருந்தது, வெற்றியும் நம் பக்கமே. தலைமை வகித்த ஆசிரியர் முடிவுரையில் ஒரே வினாவை எழுப்பி அமர்ந்தார்: "எவருடைய கன்னம்?" அதன் பொருள் அன்று நமக்கு விளங்கவில்லை. பின்னர்ச் சரித்திரம் விளக்கிற்று.

1938-ஆம் ஆண்டு செப்டம்பர் மாத இறுதியில் மியூனிக் நகரில் நால்வர் கூடினர்: ஜெர்மனியின் ஹிட்லர், இத்தாலியின் முசோலினி, பிரிட்டிஷ் பிரதம மந்திரி சேம்பர்லேன், பிரான்சின் தலாதியே. செக்கோஸ்லோவாக்கியாவின் சூடேட்டன் பகுதியை ஜெர்மனிக்கு அளிப்பதென்று முடிவு செய்தனர். நிலத்துக்கு உரிய தேசத்தார்க்கோ அச்சபையில் ஆசனமில்லை. அவர்தம் பிரதிநிதிகள் இருவர் விடுதியிலிருந்து தீர்ப்பை எதிர்நோக்கியிருந்தனர்.

சேம்பர்லேனைக் கோழை என்று ஏசுதல் நியாயமன்று. 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த மகாயுத்தத்தில் மாண்ட வாலிபரை அவர் மறந்தாரல்லர். அவர் தேசத்தின் ஆகாயப் படையும் அப்போது போதிய பலம் பெற்றிருக்கவில்லை. ஆயினும் அவர் திருப்பிக் கொடுத்தது தம் கன்னமன்று, அயலானுடைய கன்னம்.

பலன் யாது? செக்கர்களின் எல்லை அரண்கள் சூடேட்டன் மலைப் பகுதியிலேயே இருந்தமையால், அதனை இழந்த தேசம் கதவற்ற வீடாயிற்று. 1939 மார்ச் 15-ஆம் தேதி ஜெர்மன் சேனை பிராக் நகருள் புகுந்தது. பெயர்பெற்ற ஸ்கோடா ஆயுதச் சாலையும் ஹிட்லர் வசமாயிற்று. செப்டம்பர் 1-ஆம் தேதி போலந்தின்மேல் படையெழுந்தது. கொடுத்த கவளம் பசியைத் தணிக்கவில்லை, வளர்த்தது.

அங்ஙனமாயின் போர் ஒன்றே வழியோ எனின், அன்று. 1948 ஜூன் மாதத்தில் சோவியத் அரசு மேற்குப் பெர்லினுக்குச் செல்லும் இரயில், சாலை, நீர்வழிகளை அடைத்தது. 20 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் உணவும் நிலக்கரியும் இன்றித் தவிக்கும் நிலை நேர்ந்தது. ஆயுதந்தாங்கிய வண்டிகளைச் செலுத்திச் சாலையைத் திறக்கலாம் என்ற யோசனையும் எழுந்தது, அஃது ஏற்கப்படவில்லை. நகரைக் கைவிடுதலும் ஏற்கப்படவில்லை. 1945-இல் எழுத்து மூலம் உடன்பட்ட மூன்று ஆகாய வழிகள் எஞ்சியிருந்தன. அவற்றின் வழியே 2,70,000-க்கு மேற்பட்ட தடவை விமானங்கள் பறந்து, ஏறத்தாழ 23 லட்சம் டன் பொருள்களைக் கொண்டுசேர்த்தன. விமானிகள் உள்ளிட்ட பலர் விபத்துகளில் உயிர் நீத்தனர். முதற் குண்டைச் சுடும் பழி எவருடையது என்னும் தேர்வு ஸ்டாலினிடமே விடப்பட்டது. அவர் சுடத் துணியவில்லை. இதனிடையே அமெரிக்க, சோவியத் பிரதிநிதிகள் மறைவாகப் பேசியும் வந்தனர். 1949 மே 12-ஆம் தேதி வழிகள் திறந்தன.

இங்கே துன்பத்தைத் தாங்கியவர் எவர்? உதவ வந்தவரும் அந்நகரத்தாருமே. மூன்றாமவன் எவனும் விலையாகக் கொடுக்கப்படவில்லை. பொறுமை என்பது இதுவே என்று இப்போது துணிகின்றோம். தன் கன்னத்தைத் தருவது தவம். பிறன் கன்னத்தைத் தருவது வாணிபம்.

அவ்வாசிரியர் இன்று இல்லை. அம்மாலை நாம் பெற்ற வெற்றியை இப்பக்கங்களின் வாயிலாகத் திருப்பிக் கொடுக்கின்றோம்.